பள்ளிக்கூடத்தை இடுப்பில் வைத்திருக்கும் வீடு

எங்கள் குடியிருப்பில் ஏழை என்று ஒருவர் கிடையாது. பதினோரு கட்டடம், எண்ணூற்றுச் சொச்சம் வீடு, அத்தனையிலும் கோடீஸ்வரர்கள்தான். எட்டாம் கட்டடத்துக் கோடீஸ்வரன் நான். நேற்று ராத்திரி முட்டை போடாத நூடுல்ஸ் சாப்பிட்டேன். முட்டை விலை ஏறிவிட்டது. வீட்டு விலை அதைவிட ஏறியிருப்பதால் எனக்கு வருத்தமில்லை.

தென்கொரியாவில், சோல் நகரத்து மெட்ரோ பாதையில் கடைசிக்கு முந்திய நிறுத்தம் எங்களுடையது. முதலில் இந்த இடத்துக்கு மூங்கில் மேடு என்று பேர். அந்தப் பேருக்கு விலை போதவில்லை என்று கூட்டம் போட்டு, 'ல சான்த்ரால் பெல்ரிவியேர் ஃபோரே' என்று மாற்றினோம். பிரெஞ்சாம், இதில் ஒரு சொல்லுக்குக்கூட எங்களில் ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது. ஆறு என்று வருகிறதாம், காடு என்றும் வருகிறதாம். இரண்டும் இங்கே இல்லை. பேர் மாற்றிய வாரமே வீட்டுக்கு மூன்று கோடி வோன் ஏறியது. டாக்ஸிக்காரரிடம் மட்டும் இன்றைக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மெதுவாக 'மூங்கில் மேடு' என்றுதான் சொல்கிறோம்.

எங்கள் உண்மையான சொத்து குடியிருப்புக்கு உள்ளேயே இருக்கும் ஆரம்பப் பள்ளிதான். இப்படிப்பட்ட இடத்துக்குத் தரகர்கள் வைத்திருக்கும் செல்லப் பேர், 'பள்ளிக்கூடத்தை இடுப்பில் வைத்திருக்கும் வீடு'. பிள்ளை ரோட்டைக் கடக்க வேண்டாம், லிஃப்ட்டில் இறங்கினால் வகுப்பு. இந்த இடுப்புக்கு மட்டும் முப்பது கோடி வோன் கூடுதல். பிள்ளை பெற்றவர்களும் கொடுத்தார்கள், பெறாதவர்களும் கொடுத்தார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, நானும் கடன் வாங்கிக் கொடுத்தேன்.

இந்தச் சொத்தைக் காப்பாற்ற எங்களுக்கு ஒரு மன்றம் உண்டு. பதிவில் அதன் பேர் வாழ்க்கைத்தர மேம்பாட்டு மன்றம். வாழ்க்கை எக்கேடு கெட்டாலும் கவலையில்லை, விலை இறங்கக் கூடாது, அதுதான் வேலை. மாதாந்தரக் கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். தலைவி மாங் சுன்ஜா அம்மையார் அந்த மாதத்து விலையைப் படிப்பார். நாங்கள் நெஞ்சில் கை வைத்து, "கீழே விற்க மாட்டோம்" என்று மூன்று தடவை சொல்வோம். ஒருவர் கண்ணிலாவது தண்ணீர் வரும். யாரும் ஏற்காத செயலாளர் பதவி கடைசியாகக் குடிவந்தவன் என்பதால் என் தலையில் விழுந்தது. ஆகவே நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது.

மன்றத்தின் பெரிய சாதனை வேலி. எங்கள் பின்பக்கம் அரசாங்க வாடகைக் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் எங்கள் சறுக்குமரத்தில் வந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடு பார்க்க வருகிறவன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? மன்றம் இரும்பு வேலி போட்டு, ரகசிய எண் வைத்த கதவும் போட்டது. அதற்குப் பிறகு சறுக்குமரம் புத்தம் புதிதாகவே இருக்கிறது. அதில் சறுக்க ஆளில்லை.

இப்படிப்பட்ட சொர்க்கத்தில்தான் பியோன் தேயூனுக்கு வீட்டை விற்க வேண்டும் என்ற கெட்ட புத்தி வந்தது.

தேயூன் என் வீட்டுக்கு மேல்வீடு. நல்ல மனுஷன், கொஞ்சம் அப்பாவி. ஊரே வீடு வாங்கிய அந்த வருஷம் அவனும் மனைவி இன்யங்கும் 'உயிரைச் சுரண்டி' வாங்கினார்கள். இது எங்கள் ஊர்ப் பேச்சு. சேமிப்பு, வங்கிக் கடன், சங்கக் கடன், மச்சான் கடன் எல்லாவற்றையும் வழித்த பிறகு, ஒட்டியிருக்கும் உயிரையும் சுரண்டிப் போட்டு வாங்குவது. பிறகு வட்டி விகிதம் ஏறியது. தேயூன் பகலில் அலுவலகம் போனான். இரவில், குடித்துவிட்டு வண்டியோட்ட முடியாதவர்களை அவர்கள் காரிலேயே வீட்டில் கொண்டுவிடும் வேலை பார்த்தான். இன்யங் மருந்துக் கிடங்கில் இரவு வேலை. மூன்று வயதுப் பெண் ஹாரமை யார் பார்ப்பது? தெற்கே கடலோரத்தில் மொக்போவில் இருக்கும் இன்யங்கின் அக்காவிடம் விட்டார்கள். 'ஆறே மாசம்' என்றுதான் விட்டார்கள்.

நாலு வருஷம் ஆகிவிட்டது. நாடு அப்போது நாலுகால் பாய்ச்சலில் இருந்தது. டிவியில் ஏற்றுமதி ஏறியது, பங்கு ஏறியது, தனிநபர் வருமானம் ஏறியது. ஹாரமுக்குப் பல் விழுந்ததைத் தேயூன் போனில்தான் பார்த்தான்.

வருகிற மார்ச்சில் ஹாரம் முதல் வகுப்பு சேர வேண்டும். அக்கா போன் செய்து, "இங்கேயே சேத்துடட்டுமா? ஒரு முடிவு சொல்லுங்க" என்று கேட்டாள். அன்றைக்கு இன்யங் கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாளாம்:

"இங்க பாருங்க. பள்ளிக்கூடம் சேந்துட்டா அவ அந்த ஊர்ப் பொண்ணு. அப்புறம் நாம விருந்தாளிங்க. மார்ச்சுக்குள்ள இந்த வீட்டை வித்துத் தொலைங்க. சின்னதா ஒண்ணு பாத்து அவளைக் கூட்டிட்டு வந்துடலாம். இல்லேன்னா நான் கெளம்பிடறேன், நீங்களும் வீடும் குடித்தனம் பண்ணுங்க."

தேயூன் தரகர் ஊவின் கடைக்குப் போனான். மன்றம் நிர்ணயித்த விலை நூற்றிருபத்தைந்து கோடி. அந்த விலைக்கு ஒன்றரை வருஷமாக ஒரு ஈ கூட வரவில்லை. தேயூன் நூற்றுப்பத்து என்றான். தரகர் எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்தினார்.

"சார், மெதுவா. இந்தச் சுவருக்கெல்லாம் காது இருக்கு. அந்த விலையை நான் ஜன்னல்ல ஒட்டினா நாளைக்கு என் கடைக்கு ஒரு பய வரமாட்டான். போன தடவை நூத்திருபத்துமூணுன்னு ஒட்டினேன். என் பொண்டாட்டிய அழகு நிலையத்துல முடி வெட்டாம திருப்பி அனுப்பிட்டாங்க."

"வாங்க ஆள் இருக்கா?"

"இருக்கு சார். நூத்துப்பத்துன்னா இன்னிக்கே கையெழுத்துப் போடற ஆள் ரெண்டு பேர் இருக்காங்க. அதான் பயமே!"

தேயூன் வீடு திரும்புவதற்குள் மன்றத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அவசரக் கூட்டம். தலைவி மாங் எழுந்தார். அவர் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"ஹாரம் அப்பா, ஒக்காருங்க. உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல, பரிதாபம்தான். நீங்க ஒரு வீட்டை விக்கறதா நெனைக்கறீங்க. இல்ல தம்பி, எண்ணூறு வீட்டையும் சேத்து விக்கறீங்க! உங்களுக்குப் பதினஞ்சு கோடி போனா இங்க ஒவ்வொருத்தருக்கும் பதினஞ்சு கோடி போச்சு. இது திருட்டு இல்லையா?"

"வட்டி கட்ட முடியல தலைவியம்மா," என்றான் தேயூன்.

"யாரால முடியுது? கைய தூக்கச் சொன்னா ஒருத்தர் தூக்குவாங்களா? என் வீட்டுக்காரர் எழுவது வயசுல வாட்ச்மேன் வேலைக்குப் போறார். எங்க? ரெண்டு நிறுத்தம் தள்ளிப் பக்கத்துக் குடியிருப்புக்கு! நம்ம வாசல்ல நின்னா நம்ம விலை எறங்கிடுமேன்னு. அதுக்குப் பேரு தியாகம். நம்மகிட்ட பணம் இல்ல, உண்மைதான். ஆனா விலை இருக்கு! பணம் செலவாயிடும் தம்பி, விலை செலவாகவே ஆகாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஐந்தாம் கட்டடத்துக்காரர் ஒருவர் எழுந்து, தான் பராமரிப்புக் கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு, அதே மூச்சில் தேயூனைக் கண்டித்தார்.

ஆனாலும் மன்றத்துக்கு இரக்கமுண்டு. ஒரு வாரத்தில் தலைவியே தேயூன் வீட்டுக்குப் பேரிக்காய்ப் பெட்டியோடு வந்தார். தெகு நகரத்தில் இருக்கும் தன் மைத்துனர் இந்த வீட்டை நூற்றுமுப்பதுக்கு வாங்கிக்கொள்வார் என்றார். நூற்றுப்பத்துக்குத் தவித்தவனுக்கு நூற்றுமுப்பது! தேயூனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையெழுத்தாயிற்று, அரசாங்கத்தில் பதிவும் ஆயிற்று. இன்யங் மொக்போவுக்குப் போன் போட்டு அழுதாள். அன்று மாலை குடியிருப்பு முழுக்கச் 'சாதனை விலை' என்று பதாகை கட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து மைத்துனர் மனசு மாறி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். தேயூன் பதறிக்கொண்டு தலைவியிடம் ஓடினான்.

"எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க? விலைதான் பதிவாயிடுச்சே!" என்றார் அவர்.

"வீடு விக்கலையே தலைவியம்மா!"

"வீடு வித்தா நீங்க மட்டும் பொழைப்பீங்க. விலை வித்தா எல்லாரும் பொழைப்போம். என் மைத்துனர் இதோட இப்படி ஏழு வீடு வாங்கிட்டார், பாவம், வாடகை வீட்டுல இருந்துகிட்டு. அவரே பெருமையா இருக்கார், உங்களுக்கு என்ன?"

பதிவான விலையைப் பார்த்து வரி ஏறியது, காப்பீட்டுத் தொகை ஏறியது. வங்கியிலிருந்து ஒரு பெண் இனிமையாகப் போன் செய்தாள். "வாழ்த்துகள் சார்! உங்க வீட்டு மதிப்பு ஏறிடுச்சு. இன்னும் எட்டு கோடி கடன் தரலாம்."

"ஏற்கெனவே வட்டி கட்ட முடியலம்மா."

"அதுக்குத்தான் சார். வட்டி கட்டறதுக்கு."

தேயூன் அந்த எட்டையும் வாங்கினான். வேறென்ன செய்வான்? ஆனையைக் கட்டித் தீனி போடுகிறவன், தீனிக்கு இன்னொரு ஆனையை அடகு வைத்த கதைதான்.

டிசம்பரில் இடி விழுந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் சொன்னது: வருகிற மார்ச்சில் எங்கள் பள்ளியில் சேரப் பேர் கொடுத்திருக்கும் பிள்ளைகள் நால்வர். பத்துக்குக் குறைந்தால் பள்ளி மூடப்படும். அந்த நால்வரும் வேலிக்கு அந்தப்பக்கம் உள்ள பள்ளியில் சேர்க்கப்படுவார்கள்.

தலைவி மாங் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். கண் திறந்ததும், "இடுப்பு... இடுப்பு போச்சே!" என்று அலறினார். டாக்டரைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "யோவ், என் இடுப்பு இல்லய்யா, நம்ம இடுப்பு! முப்பது கோடி!" என்றார்.

பிள்ளை வேட்டை தொடங்கியது. பூங்காவில் போகும் குழந்தைத் தள்ளுவண்டிகளை எல்லாம் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். வண்டிக்கு என்ன குறைச்சல்? மாலை வேளையில் வரிசையாக வந்தன. முதல் வண்டியின் திரையை விலக்கினேன், நாய். அடுத்ததிலும் நாய், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்த ஒரே மனிதப் பிள்ளை வேறு குடியிருப்பிலிருந்து வழி தவறி வந்தது. கல்யாணமான ஒரு ஜோடியை நிறுத்தி, "உங்களுக்குப் பிள்ளை...?" என்று இழுத்தேன். "பிள்ளைக்குன்னு வெச்ச ரூமை வட்டிக்காக ஒரு காலேஜ் பையனுக்கு வாடகைக்கு விட்டுட்டோம் சார். அவன் காலி பண்ணட்டும், பாக்கலாம்," என்றான் கணவன். அவன் மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் தலைவி, தாமே வைத்த வேலிக்கதவைத் தாமே திறந்துகொண்டு வாடகைக் குடியிருப்புக்குப் போனார். நானும் பின்னாடியே போனேன். அங்கே சோற்றுச்சுருள் கடை வைத்திருக்கும் சின் என்ற பெண்மணிக்குத்தான் எல்லாத் தாய்மார்களும் கட்டுப்படுவார்கள் என்று கேள்வி. தலைவி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "உங்க குழந்தைங்க நம்ம பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டுமே! காலைல கதவைத் தொறந்து விடறோம். மணி அடிச்சதும் வெளிய போயிடணும், அவ்வளவுதான்," என்றார்.

சின் கையில் ஒட்டிய சோற்றைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க புள்ளைங்க சறுக்குமரம் ஏறினா விலை எறங்கும்னு வேலி போட்டீங்க. இப்ப பள்ளிக்கூடம் ஏறலேன்னா விலை எறங்கும்னு வேலியைத் தொறக்கறீங்க. எங்க புள்ளைங்க என்ன, உங்க விலைக்கு முட்டுக் குடுக்கற கட்டையா?"

"அப்படி இல்லம்மா. எங்க இடுப்புல உங்க புள்ளைங்களுக்கும் ஒரு எடம்..."

"உங்க இடுப்புல எடம் ஏதும்மா? அங்கதான் பேங்க்காரன் ஏறி ஒக்காந்திருக்கானே! முதல்ல அவனை எறக்கிவிடுங்க. சோத்துச்சுருள் வேணுமா, வேணாமா?"

ரெண்டு வாங்கிக்கொண்டோம். தலைவி காசு எடுத்து வரவில்லை, நான் கொடுத்தேன்.

அன்று இரவுதான் யாருக்கோ உறைத்தது. தேயூனின் மகள் பேர் பதிவில் இன்னும் இந்த முகவரியில்தானே இருக்கிறது! தேடிப் பார்த்தால் இன்னும் ஐந்து பேர் அப்படியே அகப்பட்டார்கள். ஒருத்தி பாட்டியிடம், ஒருவன் அத்தையிடம், ஒருவன் ஜெஜு தீவில். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள், எங்கள் ஊரைத் தவிர. எல்லோரையும் சேர்த்தால் சரியாகப் பத்து.

மன்றமே திரண்டு தேயூன் வீட்டுக்குப் போனது. இன்யங் கதவை மறித்து நின்றாள்.

"கூட்டிட்டு வரேன். எனக்கு ஆசை இல்லையா? ராத்திரி அவளை யாரு பாத்துக்கறது? நான் கெடங்குலேந்து வர பன்னெண்டாகுது, இவர் வர விடிஞ்சிடுது. நீங்க வந்து படுத்துக்கறீங்களா தலைவியம்மா?"

"ராத்திரி எதுக்கும்மா? நமக்கு அவ பகல்லதான் வேணும். அதுவும் தெனமும் வேணாம். மார்ச் மாசம் சேர்க்கை விழா அன்னிக்கு அதிகாரிங்க எண்ணுவாங்க. எண்ணும்போது இருந்தாப் போதும்."

இன்யங்குக்கு முகம் சிவந்துவிட்டது. தேயூன்தான் முன்னால் வந்தான். அவன் பேரம் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கூட்டிட்டு வரோம். எண்ணி முடிச்ச மறுநாள் நான் நூத்துப்பத்துக்கு விப்பேன். நீங்க தடுக்கக் கூடாது. வார்த்தை குடுங்க."

"குடுத்தேன்," என்றார் தலைவி. நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னார்.

விழா நாள் வந்தது. பள்ளி மண்டபத்தில் பலூன், பாட்டு, நாலு அதிகாரிகள், குடியிருப்பு முழுக்க. மொக்போவிலிருந்து பெரியம்மா ஹாரமைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிங்க் பை, புதுக் காலணி, முன்பல் ரெண்டு இல்லாத சிரிப்பு. இன்யங் முன்தினமே வேலைக்கு விடுப்புச் சொல்லி, தலைமுடி அலங்கரித்து, கையில் பூச்செண்டோடு நின்றாள். அதிகாரி ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினார். பத்து என்றதும் பெற்றோர்கள் எல்லாம் எழுந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பிள்ளைகளும் இவர்களெல்லாம் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

தலைவி மைக்கைப் பிடித்தார்.

"சாதிச்சுட்டோம்! நம்ம பள்ளிக்கூடம் நம்ம இடுப்புலயே நிக்குது! இன்னியிலேந்து நம்ம விலை நூத்துமுப்பத்தஞ்சு! இந்தப் பத்துக் குழந்தைங்களும் இனிமே ஒரு வீட்டுப் புள்ளைங்க இல்ல, நம்ம பொதுச்சொத்து. அதனால அவங்க ஆறாவது முடிக்கற வரைக்கும் அந்தப் பத்து வீடும் விக்கக் கூடாதுன்னு மன்றம் ஒரு மனசாத் தீர்மானிச்சிருக்கு!"

தீர்மானித்தது எனக்கே அப்போதுதான் தெரியும். தேயூன் எழுந்து, "தலைவியம்மா, வார்த்தை..." என்றான். அவர் காதில் கைதட்டல்தான் விழுந்தது.

அடுத்து தலைமையாசிரியர், "குழந்தைகளே, இப்ப உங்க அம்மாகிட்ட ஓடிப்போய்ப் பூ வாங்கிட்டு வாங்க!" என்றார். இன்யங் பூச்செண்டை நீட்டிக்கொண்டு மண்டியிட்டாள். ஹாரம் ஓடி வந்தாள். அவள் பக்கமாகத்தான் ஓடி வந்தாள். அவளைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற பெரியம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பூ குடு," என்றாள்.

பெரியம்மாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. "நான் இல்லடி கண்ணு, அதோ, அவங்கதான்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்யங் மண்டியிட்டபடியே இருந்தாள். கணக்கும் விலையும் பேசியே பழகிய மண்டபம் பலூன்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேயூன் மேடையேறினான். தலைவி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகு, பழக்கதோஷம், குனிந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு சொன்னான்:

"என் வீடு விலைக்கு. நூத்துப்பத்து. இன்னிக்கே."

அந்த மண்டபத்தில் அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல், மெல்லிசாக, "நூத்தெட்டு" என்றது. பராமரிப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்டும் அந்த ஐந்தாம் கட்டடத்துக்காரர்.

"நூத்தஞ்சு!" இது ஜன்னலோரத்திலிருந்து.

"நூறு! ரெண்டு ஏசியும் சேத்து!"

"தொண்ணூத்தெட்டு! காலேஜ் பையனோட தரேன்!"

அணை உடைந்துவிட்டது. நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள், அழுதுகொண்டே கத்தினார்கள், கத்தி முடித்தவர்கள் பல வருஷம் சுமந்த மூட்டையை இறக்கியவர்களைப்போல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். விற்கத்தான் எல்லோரும், வாங்க ஒருவர் இல்லை. அதிகாரிகள் பலூன்களுக்கு நடுவே வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தலைவி மாங் தனியாக நின்று, நெஞ்சில் கை வைத்து, "கீழே விற்க மாட்டோம்! கீழே விற்க மாட்டோம்!" என்று கூவினார். அப்போது மண்டபத்தின் கடைசியிலிருந்து வேறொரு குடியிருப்பின் வாட்ச்மேன் சீருடையில் ஒரு கிழவர் கை தூக்கினார்.

"எம்பது! எங்க வீடு எம்பது! யாராவது எடுத்துக்கங்கய்யா, எனக்கு முட்டி வலிக்குது!"

அவர் தலைவியின் கணவர். அதற்குக் கீழே யாரும் போகவில்லை.

தேயூன் மேடையிலிருந்து எப்போது இறங்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. மாலை மொக்போ ரயிலில் அவர்கள் நால்வரும் போனார்கள். இலையுதிர் காலத்தில் அவன் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. ஏலத்தில் மூன்றாம் முறைதான் ஆள் வந்தது. மீதிக் கடனுக்கு மொக்போ பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்தில் பெயிண்ட் அடிக்கிறான். ஹாரம் கல்லூரி முடிக்கும்வரை கட்டுவான் போலிருக்கிறது. ஈரம் கசியும் ஒற்றை அறை, ஆனால் சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறான். போன வாரம் பேசினேன். குழந்தை இன்யங்கை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சோல் அம்மான்னு கூப்பிடறா அண்ணே," என்றான். "பரவால்ல. நாளாக ஆக சோல் உதுந்துடும், அம்மா நிக்கும்னு பெரியம்மா சொல்றாங்க."

நான் இன்னும் எட்டாம் கட்டடத்தில்தான் இருக்கிறேன். டிவியில் இன்றைக்கும் ஏற்றுமதி ஏறியது. அன்றைக்கு மண்டபத்தில் நானும் நாற்காலி மேல் ஏறித் தொண்ணூற்றொன்று என்று கத்தினேன். இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வடக்குப் பார்த்த வீடு, தண்ணீர் நன்றாக வரும்.

சரி, எண்பத்தெட்டு.